அறுபதில் போன பஸ்

சுகந்தி டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று அடுப்படிக்கு வந்து என்னிடம் கேட்ட முதல் பொருள் சோற்று அண்டா. சோறு இல்லை, அண்டா.

"அக்கா, கழுவினது ஏதும் இருக்கா? ஒரு வாளியும் வேணும். அந்த டம்ளரையும் எடுத்துக்கிறேன்."

"எதுக்குத் தாயி?"

"பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த."

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள். பேர் ராக்கு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவரிடம் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வருகிற இடத்தில் தண்ணீர் ஊற்றி எழுதக் கூடாது.

எங்கள் ஊர் தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் நாளைக்கு யாராவது வந்து நிற்பார்கள். ஒரு பக்கம் படகுக்காரர் வீடுகள், மறுபக்கம் பள்ளிவாசல் தெரு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் மத்தியானம் என் முன்னால்தான் தட்டை நீட்டும்.

அன்றைக்கு அண்டாவும் வாளியும் வகுப்புக்குப் போயின. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. சன்னலில் கதவு கிடையாது. அதனால் நான் எந்த வகுப்பையும் கேட்காமல் இருந்ததில்லை. வாளி மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கிறதே, அதற்குப் புத்தகத்தில் இடைக்கண்டம் என்று பேராம். இந்த வாளியில் எத்தனை டம்ளர் பிடிக்கும், முதலில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், அப்புறம் ஊற்றிப் பார்ப்போம் என்றார் டீச்சர். அவ்வளவுதான். சந்தைக் கூச்சல். ஒருத்தன் ஒன்று சொன்னான், ஒருத்தி இல்லை என்றாள். தண்ணீர் ஊற்றி, கால் நனைந்து, சண்டை போட்டு, கடைசியில் ஒரு பெண்பிள்ளை சொன்னது சரியாக வந்தது. டீச்சர் கையைத் தட்டவில்லை. "எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

அதுதான் அவர் பழக்கம். சரியாகச் சொன்னாலும் "எப்படி வந்துச்சு", தப்பாகச் சொன்னாலும் "எப்படி வந்துச்சு". பிள்ளைகள் அவருக்கு "எப்படி டீச்சர்" என்று பட்டப்பேர் வைத்தன. அவருக்குத் தெரியும். சிரித்துக்கொள்வார். சாயங்காலம் அண்டாவைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் சொன்னேன்: "கணக்கு வந்துச்சோ இல்லையோ, என் அண்டா வெள்ளையா வந்துருச்சு. தினமும் எடுத்துக்கிட்டுப் போங்க."

டீச்சருக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். கரிசல் காடு. அவருடைய அய்யா குண்டு மிளகாய் போடுகிறவர். "மழை பேஞ்சா மிளகாய், பேயாட்டிக் கரிமூட்டம், அதுதான்க்கா எங்க வெவசாயம்" என்பார். கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிற அந்தப் புகைக்குள் உட்கார்ந்து படித்துத்தான் கணக்கில் பட்டம் வாங்கி வந்தவர். கடலைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு நாள் நாங்கள் எல்லாரும் கரையில் நின்று மீன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனை விலை பேசினார். கொண்டல் காற்றடிக்கும் மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது கண்ணில் மணல், தலையில் மணல். "ஒங்க ஊருக்கு நான் வரலைக்கா, என்னைக் காத்து அனுப்பிவைக்குது" என்பார்.

இப்படி மூன்று நான்கு வருசம் போயிற்று. பிள்ளைகள் நிறையப் பேர் பாஸானார்கள், ஒன்றிரண்டு பேர் தவறினார்கள். தவறினவனை டீச்சர் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்து துணைத்தேர்வு எழுத வைப்பார். ஊரில் யாரும் அதை வெட்கமாக நினைக்கவில்லை.

அப்புறம் பூமிநாதன் சார் தலைமை ஆசிரியராக வந்தார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மத்தியானச் சோற்றைத் தானும் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடச் சொல்வார். அதற்கு முந்தி அப்படி யாரும் செய்ததில்லை. ஆனால் அவருக்கு ஒரு பேய் பிடித்திருந்தது. அந்தப் பேயின் பேர் நூறு சதவீதம். ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்தில், நூறு வராத பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். தலை நரைத்த மனிதரைப் பிள்ளையை நிறுத்துகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். அவரை நிறுத்தினவர்களை இன்னொருவர் நிறுத்தியிருப்பார். திரும்பி வந்தவர் நின்ற நிற்பில் எல்லாரையும் கூட்டினார்.

அன்றையிலிருந்து பரீட்சைதான். காலையில் ஒரு பரீட்சை, சாயங்காலம் ஒரு பரீட்சை. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. எழுதினதைத் திருத்த வேண்டும். திருத்தினதைப் போனில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. கடலே ஆகாத டீச்சர், கரையில் கவிழ்த்துப் போட்ட படகு மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்து மார்க் ஏற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஆறாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். வாயில் விரல் வைத்துக்கொண்டு. பாடம் எப்போது நடத்துவது? அதை யாரும் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். மீதிப் பிள்ளைகள் "முப்பத்தஞ்சு பேட்ச்". முப்பத்தைந்து வாங்கினால் பாஸாம். அதனால் அவர்களுக்கு முப்பத்தைந்துக்கு வேண்டியது மட்டும் போதுமாம். வாளிப் பாடம் கிடையாது. அதைப் படிக்க நேரமாகும், மார்க் குறைச்சல் என்று தள்ளிவிட்டார்கள். கட்டம் போட்ட தாளில் கோடு போடுகிற கணக்கு ஒன்று உண்டு, வரைபடம் என்பார்கள். அதற்கு எட்டு மார்க். அதிலும் இரண்டு வகை வரும், ஒன்றைப் போட்டால் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு எளிசானதை மட்டும் அடித்து ஏற்றினார்கள். ஒரு பஸ் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் போகிறது, அதற்குக் கோடு போடு. அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் அதைப் பாட்டாகவே படித்தார்கள். "ஒண்ணுன்னா அம்பது! ரெண்டுன்னா நூறு! மூணுன்னா நூத்தம்பது!" சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே மனப்பாடமாகிவிட்டது. என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்திருந்தால் நானும் எட்டு மார்க் வாங்கியிருப்பேன். சிரிக்காதீர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சலே.

அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சுகந்தி டீச்சர்தான். "எப்படி வந்துச்சு" என்று கேட்ட அதே வாய். ஒரு நாள் அந்தப் பேட்ச்சில் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், பஸ் நடுவுல நின்னா கோடு எப்படிப் போகும்?" என்று கேட்டான். முந்தியானால் அந்தக் கேள்விக்கே ஒரு மணி நேரம் போகும். அன்றைக்கு டீச்சர், "ஏலே, அது பரீட்சைக்கு வராது. உக்காரு. கேள்வியப் படிச்சுக்கிட்டு நிக்காத, பஸ்ஸுன்னு பாத்ததும் கோட்டப் போடு" என்றார்.

கேட்டவன் என் பேரன் காளீஸ்வரன். என் மகன் பிள்ளை. உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டு நான் காதால் கேட்கவில்லை.

அந்தப் பேட்ச்சில் ஸ்பெஷல் கிளாஸுக்கு நிற்காதது ஒரே ஒரு பிள்ளை. அம்ரீன். பள்ளிவாசல் தெருவில் காலிதாவின் மகள். வாப்பா சல்மான் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஆம்பளைத் துணை கிடையாது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது காலிதாவின் சட்டம். பூமிநாதன் சார் இரண்டு தடவை ஆள் விட்டுப் பார்த்தார். காலிதா அசையவில்லை. "பகல் பூரா வச்சுச் சொல்லிக்குடுக்காததையா ராவுல சொல்லிக்குடுக்கப் போறாக?" என்று கேட்டு அனுப்பினாள். நியாயம்தானே?

மார்கழியில் அரைப்பரீட்சை வந்தது. அந்த வருசம் பேப்பரைப் பள்ளிக்கூடம் மாற்றித் திருத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் எழுதினது வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பு என்று மேலேயிருந்து ஒரு தாள் வரும். அதில் இருப்பது இருந்தால் மார்க், இல்லாவிட்டால் முட்டை. பொங்கல் கழிந்து மார்க் வந்தது. காளீஸ்வரன் நாற்பத்திரண்டு! வரைபடத்துக்கு எட்டுக்கு எட்டு. என் மகன் கடலிலிருந்து வந்ததும் வராததுமாக அவனுக்குப் புதுச் சட்டை எடுக்கத் தொண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் மத்தியானம் முட்டையில் அவனுக்குப் பெரியதாகப் பார்த்து வைத்தேன்.

அம்ரீனுக்கு இருபத்தொன்பது. வரைபடத்துக்கு முட்டை.

அதே வாரம் பூமிநாதன் சார் காலிதாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பொதுத்தேர்வுக்குப் பேர் அனுப்புகிற நேரம் அது. அவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வருசம் அரைப்பரீட்சையில் தவறினது அவள் ஒருத்திதான். அவள் பேர் பட்டியலில் இல்லாவிட்டால் நூறு. இருந்தால் பயம்.

காலிதா வர வேண்டிய அன்று காலையில் அம்ரீன் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து அடுப்படிக்குக் கூட்டிவந்தேன்.

"என்னைய வெளிய அனுப்பப் போறாக ஆயா. டிசி குடுத்துருவாக. நான் அந்தப் பஸ்ஸு கணக்கச் சரியாத்தான் போட்டேன். எங்கன தப்புன்னே தெரியல."

சுகந்தி டீச்சர் அப்போது மார்க் ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார். "குடு பாப்போம்" என்று விடைத்தாளை வாங்கினார். கேள்வித்தாளையும் வாங்கினார். இரண்டையும் என் அரிசி மூட்டை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வெளியே நின்றிருந்த என் பேரனைக் கூப்பிட்டார்.

"ஏலே காளீஸ்வரா, கேள்வியில பஸ்ஸு என்ன வேகத்துல போகுது?"

"அம்பது டீச்சர்." பார்க்கவே இல்லை. வாய் சொன்னது.

"படிச்சுச் சொல்லு."

அவன் குனிந்து படித்தான். அப்புறம் இன்னொரு தடவை படித்தான். "அறுபதுன்னு இருக்கு டீச்சர்."

"நீ எதுக்குப் போட்ட?"

"அம்பதுக்கு."

"ஏன்?"

"நீங்கதான டீச்சர் கேள்வியப் படிக்காத, பஸ்ஸுன்னு பாத்ததும் கோட்டப் போடுன்னு சொன்னீக?"

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. சொன்னபடி கேட்ட பிள்ளை. டீச்சர் போய் விடைக்குறிப்பையும் மற்றப் பிள்ளைகளின் தாள்களையும் எடுத்துவந்து புரட்டிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன தாயி?" என்று கேட்டேன். அவர் பாதி எனக்கும் பாதி தனக்குமாகச் சொன்னார்.

விசயம் இதுதான். கேள்வி போட்டவர் பஸ்ஸை அறுபதில் ஓட்டிவிட்டார். விடைக்குறிப்பு எழுதினவர் கேள்வியைப் பார்க்காமல் கைடிலிருந்த ஐம்பதை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். எங்கள் முப்பத்தைந்து பேட்ச்சும் கேள்வியைப் பார்க்காமல் கைடிலிருந்த ஐம்பதையே போட்டது. திருத்தினவரும் கேள்வியைப் பார்க்கவில்லை. ஐம்பதும் ஐம்பதும் ஒத்துப்போனது, எட்டு எட்டாக அள்ளிப் போட்டுவிட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மற்ற வகைக் கணக்கைப் போட்டதால் யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஸ்பெஷல் கிளாஸுக்கு வராததால் அம்ரீனுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. பாட்டுத் தெரியாததால் கேள்வியைப் படித்தாள். படித்ததால் அறுபதுக்குக் கோடு போட்டாள். அதனால் முட்டை.

இத்தனை பேரில் கேள்வியைப் படித்தது ஒரே ஒரு பிள்ளை. அவளைத்தான் வெளியே அனுப்பப் போகிறார்கள்.

தலைமை ஆசிரியர் அறைக்கு டீ கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு நான் போனபோது காலிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வெள்ளைத் தாள். பிள்ளையை நானே விருப்பப்பட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று பெற்றவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். துரத்துவது அவர்கள், கையெழுத்து நாங்கள்.

"பிள்ளைக்கு நல்லதுக்குத்தான்மா சொல்றேன்" என்றார் பூமிநாதன் சார். "இப்ப எழுதி பெயிலாப் போனா அவளுக்குத்தான் கஷ்டம். டுட்டோரியல்ல சேத்து விடுங்க. அடுத்த வருசம் நிதானமா எழுதட்டும்."

"அவ வாப்பாட்டப் போன்ல கேட்டுச் சொல்றேன் சார்."

"கேளுங்க, வேணாங்கல. ஆனா இன்னைக்கே சொல்லிருங்க. பட்டியல் போகணும்."

சுகந்தி டீச்சர் உள்ளே வந்தார். தாள்களை மேசையில் வைத்தார். "சார், அம்ரீனுக்கு முப்பத்தேழு. பாஸ்."

எல்லாவற்றையும் சொன்னார். சார் தாளை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். மனிதருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்: "மார்க்கு ஏத்தியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது."

"ஆன்சர் கீயே தப்பு சார்."

"சரி, தப்பு. எழுதிக் கேப்போம். கீயை மாத்துவாக. மாத்துனா என்ன ஆகும்? இந்தப் புள்ளைக்கு எட்டு ஏறும். அம்பதுக்குப் போட்ட பதினோரு பேருக்கு எட்டு எட்டாக் கொறையும். அதுல பாதிப்பேரு முப்பத்தஞ்சுக்குக் கீழ வந்துருவான். அப்பப் பாதிப்பேருக்கு நான் டிசி குடுக்கணும். வேணுமா ஒங்களுக்கு?"

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை.

"அப்பத் தப்பாப் போட்டவன் உள்ள இருப்பான், சரியாப் போட்டவ வெளிய போவாளா சார்? இது எந்த ஊரு நாயம்?"

"ராக்கம்மா, டீய வச்சிட்டுப் போங்க. ஒங்க பேரனும் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன். நாப்பத்திரெண்டுல எட்டுப் போனா என்னன்னு தெரியுமா?"

"முப்பத்தஞ்சுக்குக் கீழதான சார்? இருக்கட்டும். அவனுக்குத் தெரியலைன்னா சொல்லிக்குடுங்க. அதுக்குத்தான அனுப்புறோம்? சோத்துக்கா அனுப்புறோம்? சோறு நானே வீட்டுல போட்டுருவேன்."

காலிதா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"சார், எம்புள்ள தப்பாப் போட்டுருச்சுன்னுதான் நான் ரெண்டு நாளா அவளப் போட்டு வஞ்சுக்கிட்டு இருந்தேன். சாப்பிடக்கூட இல்ல அவ. சரியாப் போட்ட புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா அவ வாப்பாட்ட நான் என்னன்னு சொல்ல? அல்லாட்ட என்னன்னு சொல்ல? நான் எழுத மாட்டேன். நீங்களா அனுப்புனா அனுப்பிக்கிருங்க."

அவர்களாக அனுப்ப முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தானே அந்த வெள்ளைத் தாள்.

பூமிநாதன் சார் டீச்சரிடம் திரும்பினார். "சரி. இந்தப் புள்ள பெயிலானா நீங்கதான் பொறுப்புன்னு எழுதித் தாங்க."

"தாரேன் சார். அந்தப் பதினோரு பேருக்கும் சேத்தே எழுதித் தாரேன். ஆனா இன்னையிலருந்து அந்தப் பேட்ச்ச எப்படி நடத்தணும்னு நீங்க சொல்லக் கூடாது."

"இன்னும் ரெண்டு மாசம்கூட முழுசா இல்லம்மா."

"தெரியும் சார்."

எழுதிக்கொடுத்தார். என் கண் முன்னால், நின்றபடியே எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, அண்டா காலியா?" என்று கேட்டார். சோறு ஆக்க வேண்டிய நேரம் என்பதையும் மறந்து அண்டாவைக் கொடுத்தேன்.

அந்த இரண்டு மாதமும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிட்டது. பழையபடி கூச்சல். ஒரு நாள் கேள்வியை மட்டும் கொடுத்து, விடை எழுதவே கூடாது, என்ன கேட்டிருக்கிறது என்று சொன்னால் போதும் என்றார். இன்னொரு நாள் எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸுக்கே கோடு போடச் சொன்னார். "தேவிபட்டினத்துல டீ குடிக்க நின்னுருச்சு, இப்பக் கோடு எப்படிப் போகும்?" என்று அவரே கேட்டார். காளீஸ்வரன் அன்றைக்குக் கேட்ட கேள்வி அது. அவர் மறக்கவில்லை. மஃரிப்புக்கு முந்தியே வகுப்பை விட்டார். காலிதாவும் வந்து சன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

சில பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டன. சில பிள்ளைகளுக்குப் பயம். "டீச்சர், பழையபடியே சொல்லிக் குடுங்க, அதுதான் ஈசி" என்றன. அவர்களைக் குற்றம் சொல்வேனா? ஆறாம் வகுப்பிலிருந்தே படிக்காமல் எழுதப் பழக்கிவிட்டு, கடைசி இரண்டு மாதத்தில் படி என்றால் பிள்ளை மிரளாமல் என்ன செய்யும்? என் பேரன் அவர்களில் ஒருத்தன். நான் வீட்டில் கேட்பேன், "கேள்வியப் படிச்சியாலே?" "படிச்சேன் அப்பத்தா" என்பான். கண் தாளில் இருக்கும், மனசு எங்கோ இருக்கும்.

பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வந்தது. அம்ரீன் ஐம்பத்தாறு. கணக்கில்தான் சொல்கிறேன், எல்லாவற்றிலும் பாஸ். காலிதா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயாசம் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தாள். அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேர் பாஸ்.

காளீஸ்வரன் முப்பத்தொன்று.

பரீட்சையில் பஸ் வரவில்லையாம். லாரி வந்ததாம், வேறு வேகத்தில். இவன் கேள்வியைப் படித்திருக்கிறான். வேகத்தையும் பார்த்திருக்கிறான். தாளில் கையை வைத்ததும் ஒன்றுக்கு ஐம்பது, இரண்டுக்கு நூறு.

"கை தானாப் போட்டுருச்சு அப்பத்தா" என்றான். அழவில்லை. கையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி. என் மகன் "சரி விடுங்க, படகுல ஏத்திக்கிருவோம்" என்றான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்ல முடியாது. கடலுக்குப் போவது குறைச்சலான வேலை இல்லை. ஆனால் அது அவன் விரும்பிப் போகிற கடலாக இருக்க வேண்டும். ஒரு பொய்யான எட்டு மார்க் அவனைப் பிடித்துத் தள்ளிவிடுகிற கடலாக இருக்கக் கூடாது.

நான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை தப்பாகப் போட்டபோது அரைப்பரீட்சையிலேயே "தப்பு" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால், அவன் அன்றைக்கே முழித்திருக்க மாட்டானா? தப்புக்கு எட்டு மார்க் போட்டு, புதுச் சட்டை வாங்க வைத்து, பெரிய முட்டையும் வைக்க வைத்தார்கள். பரீட்சை எதற்கு? பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று பார்க்கத்தானே? சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். வேகாவிட்டால் இன்னும் கொஞ்சம் எரிக்கிறோம். இவர்கள் நசுக்கிப் பார்த்து, வேகவில்லை என்று தெரிந்தும் வெந்தது என்று எழுதிவைத்துவிட்டு, வெந்த பருக்கையைத் தூக்கி வெளியே போடப் பார்த்தார்கள்.

வாசலில் கட்டுவதற்கு முன்கூட்டியே அடித்து வைத்திருந்த "நூறு சதவீதம்" ஃபிளெக்ஸ் இப்போது ஸ்டோர் ரூமில் என் பருப்பு மூட்டைக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது. ஈரம் ஏறாமல் இருப்பதற்கு நல்லது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் சுகந்தி டீச்சருக்கு மெமோ வந்தது. பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கொடுத்துவிட்டார்கள். மெமோவை அடுப்படிக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். தாங்கள் பொறுப்பேற்றுக்கொண்ட மாணவர்களில் ஒருவர் தேர்ச்சி பெறாததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தது.

"அம்ரீனப் பத்தி ஏதும் இருக்கா?"

"இல்லக்கா."

"பதினோரு பேருக்குத் தப்பா எட்டு மார்க்குப் போட்டாகளே, அதப் பத்தி?"

"இல்லக்கா."

"அப்பக் கேள்வியே தப்பா இருக்கே தாயி. நீங்க என்ன பதில் எழுதப் போறீக?"

டீச்சர் மெமோவை மடித்தார். "கேள்வித்தாள எடுத்து, அம்ரீன் போட்ட கோட்டையும் காளீஸ்வரன் போட்ட கோட்டையும் ரெண்டு பக்கமும் வரைஞ்சு அனுப்பப் போறேன். பாக்குறவுக பாத்துக்கிரட்டும். கீழ, 'இது எப்படி வந்துச்சு'ன்னு நானும் ஒரு கேள்வி எழுதுவேன்" என்றார்.

அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.

துணைத்தேர்வுக்குக் காளீஸ்வரன் பணம் கட்டியிருக்கிறான். படகுக்குப் போகவில்லை. நான் விடவில்லை, என் மகனிடம் பேச்சு வார்த்தை கூட நின்றுபோயிற்று, போகட்டும். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு டீச்சர் அவனை என் அடுப்படியில் உட்காரவைக்கிறார். பேனாவைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிடுகிறார். அவன் கேள்வியை முதலில் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும். விளங்கினால்தான் நான் பேனாவைக் கொடுப்பேன்.

நேற்று ஒரு கணக்குக்கு மூன்று தடவை வாசித்தான். நான் கொடுக்கவில்லை.

"அப்பத்தா, ஒனக்கே இது அநியாயமா இல்லையா?"

"இல்லலே. இன்னொரு தடவ வாசி."